உமிச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பகல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோர நகைக்கடைக்கு நீங்களும் போயிருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டி, பளீரென்ற வெளிச்சம், சிவப்பு வெல்வெட்டின் மேல் வரிசையாகக் காப்புகள். காசைக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கி, சின்னப் பெட்டியைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்குகிறதே, அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

நான் பார்த்துவிட்டேன்! ஒரு முழுப் பகல் அதற்குள் இருந்துவிட்டேன்! வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் பழைய தோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முப்பது வருசமாகக் கண்ட தோடு, இன்றைக்குத்தான் முதல்முதல் காண்கிறமாதிரி இருக்கிறது. அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் உங்களையும் உள்ளே கூட்டிப் போகிறேன். வாருங்கள்.

காத்தாடி இல்லாத அறை

"வாங்கோ பிள்ளை, செருப்பை வெளியில கழட்டிப்போட்டு வாங்கோ. காத்தாடி போட ஏலாது, குறை நினைக்கக்கூடாது" என்றார் பத்தர் ஐயா.

எங்கள் பக்கத்தில் பொற்கொல்லரைப் பத்தர் என்றுதான் சொல்வோம். ஐயாவுக்கு அறுபது கடந்துவிட்டது. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கிறது. பக்கத்தில் அவருடைய மகன், நாங்கள் 'தம்பி' என்று கூப்பிடுகிற வயது.

காத்தாடி ஏன் கூடாது? சுழன்றால் நெருப்புச் சுவாலை ஆடும். அதைவிடப் பெரிய காரணம், அரப்பொடி பறந்துவிடும். அரத்தால் அராவும்போது உதிர்கிற அந்தத் தூள் இங்கே தங்கம்! பணிமேசைக்குக் கீழே மடியில் ஒரு தோல் விரித்திருக்கிறது, விழுகிற பொடியை ஏந்துவதற்கு. மாலையில் நிலத்தைக் கூட்டினால் அந்தக் குப்பையை எறிய மாட்டார்கள், தகரப் பேணியில் சேர்த்து வைப்பார்கள். கைகழுவிய தண்ணீரும் ஒரு வாளியில் நிற்கிறது. அடியில் மண்டி சேர்ந்ததும் அரித்து, கழுவி, உருக்கி எடுத்தால் அதற்குள்ளும் பொன் இருக்கும். ஒரு அறையின் தூசிக்குக்கூட விலை இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மேசையைப் பாருங்கள். நடுவில் உள்ளங்கை அகல இரும்புக்கட்டி, அது பட்டடை. சுத்தியல் அடியெல்லாம் அதன் தலையில்தான் விழும். இடுக்கிப் பிடிக்கக் குறடு. மிளகிலும் சின்னத் துண்டைத் தூக்குவதற்குச் சாமணம். கோடு வெட்ட உளி. இழைக்க அரம், அதிலேயே தட்டை, அரைவட்டம், எலிவால்போல் மெலிந்தது என்று ஒரு குடும்பம். ஒரு மூலையில் காஸ் அடுப்புக் குழாய். அதற்குப் பக்கத்தில், அந்த அறையின் மூத்த பிரசை: மண்ணால் செய்த உமிச்சட்டி.

"காஸ் வந்திட்டுது, மெசின் வந்திட்டுது. ஆனால் நுணுக்க வேலைக்கு நான் இவனைத்தான் தேடுவன்" என்று சட்டியைத் தட்டிக் காட்டினார் ஐயா. உமிக்கு இங்கே பஞ்சமே இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர் இது, ஆலை வாசலில் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். சிரட்டைக்கரிக்கு வீட்டுக்கு வீடு தென்னை. "வன்னியில கரண்ட் இல்லாத காலம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அப்பவும் இந்தச் சட்டி எரிஞ்சது பிள்ளை. மண்ணெண்ணெய்கூடத் தட்டுப்பாடு. உமியை ஆர் தடுக்கிறது?"

பொன்னுருக்கிலிருந்து வந்த உருண்டை

அன்றைய முதல் வேலை ஒரு தாலி. முந்தாநாள் புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில் பொன்னுருக்கு நடந்திருக்கிறது. நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் கும்பம் வைத்து, உறவுகள் சுற்றி நிற்கப் பத்தர் ஒரு பவுண் காசை உருக்குகிற சடங்கு அது. உருகி இறுகிய பொன்னை வெற்றிலையோடு தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார்கள். அதற்குப் பிறகு மணவறை வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். அந்தப் பொன் இப்போது ஒரு சின்னத் துணிப் பொட்டலத்துக்குள், குங்குமக் கறையோடு, என் கண் முன்னால்!

இங்கே 'பவுண்' என்ற சொல்லில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டார் சவரன் என்பதை நாம் பவுண் என்கிறோம். இரண்டுக்கும் தாய் ஒன்று: 1817 முதல் பிரித்தானியர் அடித்த பொற்காசு. அதன் எடை 7.98 கிராம், அதைத்தான் நாம் 8 கிராமாக வைத்துக்கொண்டோம். அந்தக் காசு 22 கரட். நமது நகைகளும் 22 கரட். காசு போய்விட்டது, ஆட்சி போய்விட்டது, எடையின் பெயர் மட்டும் எங்கள் கழுத்தில் நிற்கிறது. வன்னியில் நாம் ஒருபடி மேலே போய்த் தங்கத்துக்கே பவுண் என்று பெயர் வைத்துவிட்டோம். "பவுண் சங்கிலியோ, கவரிங்கோ?" என்றுதானே கேட்போம்!

ஐயா அந்தப் பொன்னை மூசைக்குள் இட்டார். மூசை என்றால் உருக்குகிற சின்னக் கிண்ணம். மேலே ஒரு சிட்டிகை வெண்காரம். அது பொங்கிக் கண்ணாடிபோல் உருகி, அழுக்கையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொள்ளும். சுவாலை பட்டது. பொன் முதலில் மங்கியது, பிறகு சிவந்தது, பிறகு செம்மஞ்சளாகிச் சரிந்தது. ஒரு கணத்தில் துண்டுகள் எல்லாம் ஓடி ஒன்றாகி, தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நடுங்கின. தனித் தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியசில். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. தம்பி சிரித்தான். "எல்லாரும் இந்த இடத்தில வாயைத் திறப்பினம் அக்கா."

அச்சில் ஊற்றி இறுகியதும் அது விரல் நீளக் கோலாக வந்தது. இனி அடி. நாலு அடி அடித்ததும் பொன் விறைத்துவிடும், மேலும் அடித்தால் வெடிக்கும். அதனால் திரும்ப நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டு, திரும்ப அடிக்க வேண்டும். அடி, காய்ச்சு, அடி, காய்ச்சு. கம்பி வேண்டுமென்றால் கம்பியச்சு. இரும்புத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். பெரிய துளையில் நுனியைக் கொடுத்துக் குறட்டால் இழுத்து, அடுத்த துளை, அதற்கடுத்த துளை. ஒரு கிராம் பொன்னை 2 கிலோமீற்றருக்கும் கூடுதலான மெல்லிய இழையாக இழுக்க முடியுமாம்! கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலில் தொடங்கினால் நகரத்தையே தாண்டிவிடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொடி வைத்து ஊதுதல்

அடுத்து நடந்ததுதான் என்னைத் துள்ள வைத்தது.

தாலியின் தலையில் வளையத்தை ஒட்ட வேண்டும். ஐயா வெண்காரக் கூழைத் தொட்டுப் பூசி, சாமணத்தால் ஒரு பொட்டுப் பொடியை மூட்டில் வைத்தார். பொடி என்பது ஒட்டுப்பொன். வெள்ளியும் செம்பும் சற்றுக் கூடுதலாகக் கலந்தது, ஆகவே நகைக்கு முன்னால் அது உருகிவிடும். பிறகு ஊதுகுழலை வாயில் வைத்தார். மூக்கால் மூச்சை இழுத்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, நடுவில் அறுபடாமல் ஊதுகிறார்! நாதஸ்வர வித்துவான் செய்கிற அதே வித்தை. கூரான சுவாலை மூட்டைத் தொட்டது. பொடி பளிச்சென்று மின்னி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி இடுக்கெல்லாம் நிரம்பியது. ஒட்டிய இடத்தைத் தேடினேன், தெரியவில்லை.

"இதுதான் பிள்ளை, பொடி வைச்சு ஊதுறது."

ஐயோ! 'அவ பொடி வைச்சுக் கதைக்கிறா' என்று நாம் சொல்கிறோமே, அதன் பிறந்தவீடு இந்த மேசை! மேலுக்கு ஒன்றும் தெரியாமல், இடுக்குக்குள் ஒரு சின்னப் பொட்டை வைத்து, மெல்ல ஊதி, காரியத்தை முடிப்பது. இத்தனை வருசமாக நான் மூக்குப்பொடி என்றல்லவா நினைத்திருந்தேன்!

இந்தப் பொடியோடு சேர்ந்த இன்னொரு சொல்லும் உண்டு. தமிழ்நாட்டுக் கடைப் பலகைகளில் 'கே.டி.எம். நகை' என்று ஒருகாலம் கொட்டை எழுத்தில் இருக்கும். கட்மியம் என்ற உலோகத்தை ஒட்டுப்பொன்னில் கலந்த நகைகள் அவை. ஒட்டினாலும் மாற்றுக் குறையாது என்பதற்காக அதைப் பிடித்தார்கள். ஆனால் கட்மியப் புகை ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாங்குகிறவருக்கு அது மூன்றெழுத்து, ஊதுகிறவருக்கு அது ஆயுள். சொல்லுக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

மணிவேலை இன்னும் அழகு. மெல்லிய கம்பியைப் பொடிப்பொடியாக வெட்டிக் கரிமேல் பரப்பி ஊதினால், ஒவ்வொரு துண்டும் தானாகவே சுருண்டு கடுகளவு உருண்டையாகிவிடுகிறது. யாரும் உருட்டவில்லை! உருகிய பொன் தன்னைத்தானே இழுத்துப் பிடித்து உருண்டையாகிறது, மழைத்துளிபோல. அந்த உருண்டைகளைத் தாலியின் ஓரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினான் தம்பி. நடுவில் பிள்ளையார். கிறிஸ்தவ வீட்டுத் தாலி என்றால் அந்த இடத்தில் சிலுவையோ புறாவோ வரும். மேசை ஒன்று, நெருப்பு ஒன்று, சாமி மட்டும் வீட்டுக்கு ஏற்றபடி.

கடைசியில் புளிக்கரைசலில் போட்டு எடுத்தார்கள். கறுத்துக் கிடந்தது மஞ்சளாக வெளியே வந்தபோது நான் கைதட்டிவிட்டேன்.

கறுப்புக் கல்லில் ஒரு கீறல்

மதியம் ஒரு அக்கா பழைய காப்பொன்றைக் கொண்டுவந்தார். விற்று, மகளின் பிள்ளைக்குப் பஞ்சாயுதம் செய்ய வேண்டுமாம். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் வரப்போகிறது. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று திருமாலின் ஐந்து படைகளைச் சின்னதாகச் செய்து குழந்தை கழுத்தில் கட்டுவது. பழந்தமிழ் ஐம்படைத்தாலி என்று சொன்னது இதுதான். இரண்டாயிரம் வருசத்துக்கு நெருக்கமான ஒரு நகை, இன்னும் வன்னியில் ஓடர் கொடுத்துச் செய்கிறார்கள்!

காப்பின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஐயா வழவழப்பான கறுப்புக் கல்லொன்றை எடுத்தார். உரைகல். காப்பின் ஓரத்தை அதில் தேய்த்தார், ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. பக்கத்திலேயே தரம் தெரிந்த ஆணிகளால் கோடு இழுத்தார். பிறகு அமிலம் ஒரு துளி. கலப்புக் கூடின கோடு மங்கும், நல்ல பொன் நிற்கும். கோட்டையும் கோட்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் மதிப்பது.

இந்தக் கல்லிலும் மேசையிலும் இருந்து நமது மொழி எத்தனை எடுத்திருக்கிறது பாருங்கள். தரத்தின் படிக்கு 'மாற்று' என்று பெயர். உயர்ந்தது பத்தரை மாற்று. அதனால்தான் அப்பழுக்கில்லாத மனிதரைப் பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற ஆணியின் தரத்தில் இருப்பது ஆணிப்பொன். நெருப்பிலிட்டுக் கசடு நீக்குவது புடம், பட்டுத் தேறியவர் புடம்போட்ட தங்கம். ஒருவரைச் சோதிப்பதற்கு 'உரைத்துப் பார்த்தல்'. வறுமையைச் சொல்ல 'வீட்டில குண்டுமணிப் பொன் இல்லை'. குண்டுமணி என்பது சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி விதை, பழைய தராசில் அது ஒரு சின்னப் படிக்கல். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி.

அரபு நாடுகளிலும் மத்தியதரைக் கரையிலும் இதே வேலையைக் கரோப் மரத்து விதை செய்தது. அந்த விதையின் பெயர்தான் 'கரட்' ஆனது. நமக்குக் குன்றிமணி, அவர்களுக்குக் கரோப். நிறுக்கிறதற்கு விதையை நம்பிய மனிதர்கள் எங்கும் ஒரேமாதிரித்தான்!

கல்லின் ஊர் எது?

வன்னி மண்ணில் நீலமோ மாணிக்கமோ தோண்டுவதில்லை. கற்கள் தெற்கிலிருந்து வருகின்றன. இரத்தினபுரிப் பக்கத்தில் குழி இறக்கி, 'இல்லம்' என்று சொல்லப்படும் பருக்கைக்கல் படையை அள்ளி, கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றி அரித்து எடுப்பார்கள். 'இல்லம' என்பது சிங்களச் சொல், தமிழ்க் காதுக்கு அது வீடு! கல்லின் வீடு அந்தப் படைதான் என்றால் பொருத்தமாகத்தானே இருக்கிறது. பிறகு பேருவளைச் சீனன்கோட்டையின் முஸ்லிம் வியாபாரிகள் கையில் அவை தரம் பிரிந்து, உலகெங்கும் போகும். ஒரு சில, கடதாசி மடிப்புக்குள் பஸ்ஸேறி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வரும்.

தம்பி ஒரு மடிப்பைத் திறந்தான். மேசையே சிரித்தது! நவரத்தின மோதிரத்துக்கான கற்கள். மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம். ஒவ்வொன்றையும் சாமணத்தால் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினான்.

"மாணிக்கமும் நீலமும் கூடப்பிறந்ததுகள் தெரியுமோ அக்கா?" என்றான். எனக்குத் தெரியாது. இரண்டும் குருந்தம். குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். வைரத்துக்கு அடுத்த கடினம், பத்துக்கு ஒன்பது. இப்போது கேளுங்கள்: ஆங்கிலத்தில் அந்தக் கனியத்துக்கு வைத்த பெயர் கொரண்டம். அது எங்கள் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது! உலகத்து விஞ்ஞானப் புத்தகமெல்லாம் அந்தச் சொல்லைத் தூக்கி வைத்திருக்கிறது. அதே குருந்தத்தைத் தூளாக்கி அரக்கோடு குழைத்தால் சாணைக்கல். கத்தி தீட்டுகிற கல்லும் ராணியின் மோதிரக் கல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! 1981இல் டயானா அணிந்த நிச்சயதார்த்த மோதிரத்தின் 12 கரட் நீலமும் எங்கள் தீவில் பிறந்ததுதான்.

தாமரைப்பூவின் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த குருந்தத்துக்குப் பத்மராகம் என்று பெயர், அது அபூர்வம். பால்போல் கலங்கிய மலிவுக் கல்லுக்கு 'கெவுட'. ஒருகாலம் அதைத் தூக்கி எறிந்தார்கள். கடுஞ்சூட்டில் காய்ச்சினால் அது ஆழ்ந்த நீலமாகும் என்று கண்டுபிடித்த தாய்லாந்து வியாபாரிகள் 1970களில் மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர் தெரிந்தால் போதாது, அதன் குணமும் தெரிய வேண்டும் என்பதை இலங்கை நட்டப்பட்டுக் கற்றது.

கல்லைப் பதிப்பதற்கு முதலில் பொன்னில் கூடு கட்ட வேண்டும். ராசிக்கல் என்றால் அடிப்பக்கம் திறந்திருக்கும், கல் தோலில் படவேண்டும் என்பது அணிகிறவர்களின் நம்பிக்கை. அட்டியல் பதக்கங்களில் அடி மூடியிருக்கும், கல்லுக்குப் பின்னால் மினுங்கும் தாள் வைத்து ஒளியைத் திருப்பி அனுப்புவார்கள். கூட்டின் விளிம்பை உளியால் மெல்லத் தள்ளித் தள்ளிக் கல்லின்மேல் சாய்த்தான் தம்பி. ஒரு தள்ளு கூடினால் கல் உடையும். அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் யாரும் கதைக்கவில்லை.

வற்றாப்பளை அம்மனின் சாட்சிக் கல்

கற்களைப் பற்றிக் கதைக்கும்போது முல்லைத்தீவுக்காரர் ஒருவருக்கு எந்த ஞாபகம் வரும்? நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன்தான். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற அந்தக் கோயிலுக்கு வன்னி முழுவதும் திரளும். அந்த அம்மனின் கதை ஒரு நகை வழக்கு! சிலம்புக்குள் இருப்பது எந்தப் பரல் என்பதுதான் முழுக் கேள்வியும். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கண்ணகி உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, அரசன் சரிந்தான். ஒரு கல்லின் பெயர் ஒரு நாட்டின் நீதியைத் தீர்த்தது.

சிலப்பதிகாரத்திலேயே, மதுரை வீதியைக் காட்டுகிற ஊர்காண் காதையில், வைரத்துக்கு ஆகாத குற்றங்களை இளங்கோவடிகள் சொல்கிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால்போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. ஐயாவின் பூதக்கண்ணாடிக்குள் நான் பார்த்ததும் அவற்றைத்தான்!

அந்தக் கதையில் வஞ்சகன் ஒரு பொற்கொல்லன் ஆயிற்றே, ஐயாவுக்கு அது கவலை இல்லையா? மெல்லக் கேட்டேன். ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"உண்மைதான் பிள்ளை, கெட்டவனும் எங்கட ஆள்தான். ஆனால் அந்தச் சிலம்புக்குள்ள மாணிக்கத்தை வைச்சதும் ஒரு பத்தற்ற கைதானே. அவன் ஒழுங்காச் செய்தபடியால்தான் அம்மனுக்கு நியாயம் கிடைச்சது."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாசித்த கதையில் அந்த இரண்டாவது பத்தரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பத்துக் கிண்ணங்களில் முத்து

மாணிக்கத்துக்குத் தெற்கு என்றால் முத்துக்கு எங்கள் பக்கத்து வீடு. வவுனியாவிலிருந்து மேற்கே போனால் மன்னார். சிலாபத்துறை, அரிப்புக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பு ஒருகாலம் உலகப் புகழ். தேசாதிபதி நோர்த் 1800களின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1905இல் குவிந்த சிப்பி கோடிக்கணக்கு.

அந்தக் கரையில் முத்தைப் பிரித்த முறையைக் கேளுங்கள். பத்துப் பித்தளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் துளைகள். 20 துளைக் கிண்ணத்தில் தங்குவது பெரிய முத்து. அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000 துளை. அளவு முடிந்ததும் அழகு. உருட்சியும் ஒளியும் நிறைந்தது ஆணி. ஒரு பொட்டுக் குறை உள்ளது அனதாரி. ஒட்டிப் பிறந்ததும் கோணலானதும் குறுவல். மிஞ்சியது தூள். அத்தனையும் தமிழ்ச் சொற்கள்! ஐரோப்பிய அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளிலும் அவற்றை அப்படியே எழுதிக்கொண்டார்கள், வேறு சொல் அவர்களிடம் இருக்கவில்லை. இன்றைக்கு அவற்றில் 'ஆணிமுத்து' ஒன்றுதான் நமது வாயில் மிச்சம்.

கல்லாவில் கைகொடுக்கும் சொற்கள்

திரைக்குப் பின்னால் கற்றது திரைக்கு முன்னால் காசாகும். இவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

கரட் என்பது ஒரே சத்தத்தில் இரண்டு அளவு. பொன்னுக்குச் சொன்னால் தரம்: 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம். 22 கரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு, 916 முத்திரையின் பொருள் இதுதான். கல்லுக்குச் சொன்னால் எடை: ஒரு கரட் 0.2 கிராம்.

கல்லு நகை வாங்கும்போது கல்லின் எடையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அதைச் சேர்த்துத் தங்க விலையில் கணக்குப் பார்த்தால் கண்ணாடிக்குப் பவுண் விலை கொடுத்தவராவீர்கள். சேதாரம் என்பது வேலையில் கழிகிற பொன், செய்கூலி என்பது கையின் விலை. இரண்டையும் வேறுவேறாகக் கேளுங்கள்.

சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம் இல்லை. பிரான்சில் வெர்னோய் 1902இல் சுவாலைக்குள் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார், அன்றிலிருந்து ஆலை மாணிக்கம் மலிவு. அதற்குள் வளைந்த கோடுகளும் காற்றுக்குமிழியும் இருக்கும். சிர்கோன் என்பது இலங்கை மண்ணில் கிடைக்கிற இயற்கைக் கல், ஒருகாலம் அதற்கு மாத்தறை வைரம் என்று பெயர். கியூபிக் சிர்கோனியா ஆலையில் செய்வது. பெயர்தான் கிட்ட, ஆள் வேறு. பெரிய காசுக்குக் கல் வாங்கினால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை போன்ற இடத்தில் பரிசோதித்துச் சான்றிதழ் எடுங்கள்.

தோட்டின் பின்பக்கத் திருகுக்கு நாம் சொல்கிற பெயர் சுரை. சுரை தேய்ந்தால் தோடு போகும். வருசத்துக்கு ஒருக்கால் பத்தரிடம் காட்டுங்கள்.

திரைச்சீலையை விலக்குங்கள்

பொழுதுபட்டது. தாலி ஒரு சின்ன மஞ்சள் துணியில் ஏறியது. ஐயா அதைக் கண்ணில் ஒற்றி வைத்தார். இந்தக் கையால் எத்தனை தாலி செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். பிறகு, "எத்தினை தாலிக்கொடி திரும்பி வந்தது எண்டதுதான் மனதில நிக்குது. இடப்பெயர்வில மூட்டையோட மூட்டையாக் கொண்டு திரிஞ்சு, கடைசியில பிள்ளையளின்ர சாப்பாட்டுக்கு எண்டு வித்தவை. கண்ணீரோட நிறுத்துத் தந்திருக்கிறன். அவையின்ர பிள்ளையளுக்கு இப்ப புதுசாச் செய்து குடுக்கேக்கை, அதைப்போல சந்தோசம் வேற இல்லை" என்றார்.

அந்தச் சொல்லோடுதான் நான் வெளியே வந்தேன்.

வார்ப்பு மெசினும் கணினி வரைபடமும் வரட்டும், நல்லதுதான். ஆனால் மூசை, சாமணம், கம்பியச்சு, பட்டடை, மஞ்சாடி, அனதாரி என்ற சொற்கள் அந்த மேசையோடு வாழ்கின்றன. மேசை வெறுமையானால் அகராதியில் மட்டும்தான் அவற்றைத் தேட வேண்டி வரும். பத்தரைமாற்று என்று புகழவும், உரைத்துப் பார்க்கவும், பொடி வைத்துக் கதைக்கவும் நமக்குக் கற்றுத்தந்தவர்கள் இந்த மனிதர்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை தோட்டுக்குச் சுரை மாற்றப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்தரிடம் கேட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஒவ்வொரு ஆயுதத்தையும் காட்டி 'இதுக்கு என்ன பேர் ஐயா?' என்று பிள்ளைகளைக் கேட்கவிட்டு, அவர் சொல்கிற பெயரை அவர்களின் கொப்பியில் எழுதி எடுத்து வாருங்கள்.